ஏழுமலையின் இரண்டு கணுக்கால்கள்

நான் கடைசியாக வேலை பார்த்த ஸ்கேன் சென்டரில் புது இயந்திரம் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, சென்ற மாதம் பார்க்கப் போயிருந்தேன். ஒரு பெண்ணின் கணுக்காலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவதற்குள் முடிந்துவிட்டது. டெக்னீஷியன் திவ்யா அந்த எலும்பைத் திரையில் எல்லாப் பக்கமும் சுழற்றிக் காட்டினாள்.

"உங்க காலத்துல ஒரு கணுக்காலுக்கு எவ்வளவு நேரம் ஆகும் மேடம்?"

"முக்கால் மணி நேரம்."

"அவ்வளவு நேரம் என்ன பண்ணுவீங்க?"

"பயந்துகிட்டு இருப்போம்."

அவள் சிரித்தாள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து பரணிலிருந்து 1993ஆம் ஆண்டு டைரியை இறக்கினேன். 1981 முதல் ஒரு வருடம் விடாமல் எழுதி வைத்திருக்கிறேன். கிழமை, மழை, வந்த நோயாளிகள், படித்த புத்தகம், எல்லாம் இருக்கும். அந்தக் கார்த்திகை மாதத்தில் மட்டும் நான்கு பக்கங்களில் எழுத்து கோணலாகப் போகிறது. அதைத்தான் இங்கே நேராக எழுதிப் பார்க்கிறேன்.

குரோம்பேட்டையில் கைக்கடிகாரம் பழுதுபார்க்கும் வீட்டில் பிறந்தவள் நான். அரசு மருத்துவமனையில் இரண்டு வருடம் எக்ஸ்ரே படித்தேன். அங்கே கற்றதெல்லாம் இப்போது இரண்டு வரிக்குள் அடங்கும். கண்ணுக்குத் தெரியாத ஒன்றோடு வேலை செய்கிறோம், அது நம் உடம்பில் எவ்வளவு ஏறுகிறது என்று சட்டையில் குத்திய பட்டைதான் சொல்லும். 1981 ஜூனில் மேற்குத் தாம்பரத்தில் ஒரு எக்ஸ்ரே நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். நான் நர்ஸ் இல்லை என்று முதல் இரண்டு வருடம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு "சிஸ்டர்" என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டேன்.

படங்களைப் படித்து அறிக்கை எழுத டாக்டர் வரதன் வருவார். மதியம் சரியாக இரண்டரைக்கு அவருடைய ஸ்கூட்டர் வந்து நிற்கும். முழுக்கை வெள்ளைச் சட்டை. ஃபிலிமை விரலால் தொட மாட்டார். பேனாவின் பின்பக்கத்தால்தான் சுட்டுவார். மணிக்கட்டின் வியர்வை ஃபிலிமில் படாமல் இருக்க, மடித்த கைக்குட்டையைக் கீழே வைத்துக்கொள்வார். அனுப்பிய டாக்டர் எழுதிய சீட்டை முதலில் படிக்க மாட்டார். "அவர் சொல்றதைப் படிச்சிட்டுப் பாத்தா, அவர் சொன்னதுதான் தெரியும்" என்பார். வெளிச்சப் பெட்டியில் படத்தை மாட்டி, பார்த்து, மனதுக்குள் முடிவு செய்த பிறகுதான் சீட்டைப் பிரிப்பார்.

குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. நான் எதையாவது சொன்னால் ஒரே கேள்விதான் வரும்.

"பாத்தீங்களா மும்தாஜ், நினைச்சீங்களா?"

பார்த்தேன் என்றால் எங்கே என்று பேனாவை நீட்டுவார். நினைத்தேன் என்றால் ஒன்றும் சொல்லாமல் திரும்பிக்கொள்வார். அந்தத் திரும்பலுக்கு நான் பன்னிரண்டு வருடம் பயந்தேன்.

1984 மாசியில் கோவளத்திலிருந்து ஒரு மீனவர் வந்தார். படகிலிருந்து குதிக்கும்போது கணுக்கால் பிசகிவிட்டது. நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று இரண்டு படம் எடுத்தேன். முறிவு எதுவும் தெரியவில்லை. சுளுக்கு என்று கட்டுப் போட்டு அனுப்பினார்கள். வைகாசியில் திரும்பி வந்தார், நொண்டிக்கொண்டு. புதுப் படத்தில் கணுக்காலின் நடு எலும்பு மட்டும் மற்ற எலும்புகளைவிடச் சுண்ணாம்பு போல வெளுத்திருந்தது.

அந்த எலும்புக்கு டாலஸ் என்று பெயர். முழங்காலிலிருந்து இறங்கும் எலும்புக்கும் குதிகால் எலும்புக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும். உடம்பின் பாரம் முழுவதும் அதன் மேல்தான் இறங்குகிறது. ஆனால் அதற்குள் போகும் ரத்தக் குழாய்கள் கொஞ்சம். அதன் கழுத்துப் பகுதி முறிந்து விலகினால் ரத்தம் நின்று எலும்பு சாகும். செத்த எலும்பு வெளுத்துத் தெரியும், பிறகு நொறுங்கும்.

டாக்டர் வரதன் பழைய படத்தை எடுத்து மாட்டி வெகுநேரம் பார்த்தார். "முறிவு இருந்திருக்கு. இப்பத் தெரிஞ்சுகிட்டுப் பாத்தும் இதுல எனக்குத் தெரியல" என்றார். எக்ஸ்ரேயில் எல்லா எலும்பின் நிழலும் ஒன்றின் மேல் ஒன்றாக விழும். ஒரு நிழலுக்குப் பின்னால் இன்னொன்று ஒளிந்துகொள்ளும். அன்றிலிருந்து, சுத்தமாக வந்த கணுக்கால் படத்தைப் பார்த்தால்தான் எனக்குப் பயம் வரும்.

1991இல் எங்கள் நிலையத்துக்கு சி.டி. ஸ்கேன் வந்தது. வேறு ஊரில் ஓடித் தேய்ந்த இயந்திரம். ஆனாலும் அதன் முதல் கணுக்கால் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். வாழைத்தண்டை வில்லை வில்லையாக நறுக்கிப் பரப்பியது போல எலும்பு தனித்தனியாகத் தெரிந்தது. ஒளிந்துகொள்ள இடமே இல்லை. கோவளத்துக்காரரை நினைத்துக்கொண்டேன். இனிமேல் பயப்பட வேண்டாம் என்று அன்றைய டைரியில் எழுதியிருக்கிறேன்.

இன்றைய இயந்திரம் ஒரு வாக்கில் எடுத்ததை எந்த வாக்கிலும் மாற்றிக் காட்டும். எங்கள் பழைய இயந்திரத்துக்கு அது வராது. எந்த வாக்கில் வேண்டுமோ அந்த வாக்கில் காலை வைத்தாக வேண்டும். முதலில் நோயாளி கால்களை நீட்டிப் படுத்திருக்க ஒரு வரிசை. பிறகு இரண்டு முழங்காலையும் மடக்கி, உள்ளங்கால்கள் மேஜையில் பதிய வைத்து, பாதங்கள் சரியாமல் இரண்டையும் சேர்த்து ஒட்டி, நோயாளியைச் சுற்றி நிற்கும் இயந்திர வளையத்தைச் சற்றே சாய்த்து இன்னொரு வரிசை. ஒவ்வொரு வில்லைக்கும் சில விநாடி ஆடாமல் இருக்க வேண்டும். நடுவில் எக்ஸ்ரே குழாய் சூடேறிவிட்டால் அது ஆறும்வரை காத்திருக்க வேண்டும். எலும்பு முறிந்த மனிதர் அப்படியே கிடப்பார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாங்கள், ஆடிவிடக் கூடாதே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்போம்.

ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு கால்களையும் சேர்த்தே எடுப்பது வழக்கம். எது இடது, எது வலது என்று இயந்திரமே படத்தில் எழுத்துப் போடும். அதற்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: நோயாளி வளையத்துக்குள் தலை முதலில் போகிறாரா, கால் முதலில் போகிறாரா? அதை நாங்கள் பொத்தானை அழுத்திச் சொல்ல வேண்டும். தலை, நெஞ்சு, வயிறு எல்லாம் தலை முதலில். கணுக்கால் மட்டும் கால் முதலில். மாற்றிச் சொன்னால் இயந்திரம் இடதை வலது என்று எழுதும், சந்தேகமே படாது. பார்க்கிறவருக்கும் வித்தியாசம் தெரியாது. இரண்டு பாதங்களைச் சேர்த்துக் கண்ணாடியில் பார்த்தாலும் அவை இரண்டு பாதங்களாகத்தானே தெரியும்?

1993 கார்த்திகையில் ஒரு புதன்கிழமை, ராஜகீழ்ப்பாக்கத்தில் இருந்த ஒரு சிறிய மருத்துவமனையிலிருந்து ஏழுமலை வந்தார். பெருங்களத்தூரில் புதிதாக எழும்பிய அடுக்குமாடி ஒன்றில் சாரம் கட்டுகிறவர். முந்தின நாள் மழையில் சவுக்குக் கம்பு வழுக்கி, இரண்டாம் மாடி உயரத்திலிருந்து இரண்டு கால்களும் பதிய விழுந்திருந்தார். இரண்டு காலிலும் பின்பக்கமாக, உள்ளங்காலையும் சேர்த்து மாவுக்கட்டு. எக்ஸ்ரேயில் இரண்டு கணுக்காலிலும் சந்தேகம். எது விலகியிருக்கிறது என்று தெரிந்தால் அதை மறுநாள் காலையிலேயே திறந்து திருகாணி போட வேண்டும் என்று எலும்பு டாக்டர் சந்திரசேகர் எழுதியனுப்பியிருந்தார்.

கூட மனைவி கன்னியம்மா. அவர்தான் ஸ்ட்ரெச்சரின் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கினார்.

"சிஸ்டர், இந்த மெஷினுக்குள்ள எம்மாம் நேரம் கெடக்கணும்?" என்றார் ஏழுமலை.

"முக்கால் மணி. ஆடக் கூடாது."

"சாரத்து மேல ஆடாம நிக்கிறவன் நான். நேத்து ஒருநாள்தான் ஆடிட்டேன்."

"ஆடினது நீ இல்ல, கம்பு" என்றார் கன்னியம்மா. "வாய மூடிகினு படு."

பெயர், வயது, எல்லாம் பதிந்து, 'கால் முதலில்' என்று அழுத்தினேன். முதல் வரிசை தொடங்குவதற்குள் மின்சாரம் போனது. மழைக்காலத்தில் தாம்பரத்தில் அது புதிதில்லை. இருபது நிமிடம் கழித்து வந்தது. இயந்திரத்தை மறுபடி எழுப்பி, மறுபடி எல்லாம் பதிந்தேன். ஏழுமலை பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். சீக்கிரம் முடிக்க வேண்டும் என்பது மட்டும்தான் என் மனதில் இருந்தது.

ஆடவே இல்லை அவர். நான் எடுத்ததிலேயே தெளிவான படங்கள். ஒரு பக்கத்து டாலஸின் கழுத்து முறிந்து, நெல்மணி அளவு விலகியிருந்தது. மறுபக்கம் மயிரிழைக் கீறல் மட்டும். விலகியிருந்த பக்கத்தில் 'வலது' என்ற எழுத்து இருந்தது. டாக்டர் வரதன் அதைப் பார்த்து, அப்படியே அறிக்கை எழுதினார். சாயங்காலம் கன்னியம்மா ஃபிலிம் உறையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு மழையில் பஸ் ஏறினார்.

வியாழக்கிழமை காலை ஒன்பதே காலுக்கு இயந்திரத்தைப் போட்டேன். வயிற்று ஸ்கேனுக்கு ஒரு பெரியவர் வெளியே உட்கார்ந்திருந்தார். புதுப் பெயர் பதிவதற்கு முன், திரையில் கடைசி நோயாளியின் பக்கம் வந்து நின்றது. ஏழுமலை. வயது முப்பத்தாறு. அதற்குக் கீழே, 'தலை முதலில்.'

அந்த வரியை மறுபடி படித்தேன். நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

மின்சாரம் போய் வந்தால் இயந்திரம் தன் பழைய வழக்கத்துக்கு, 'தலை முதலில்' என்பதற்குத் திரும்பிவிடும். அது எனக்குத் தெரியும். மறுபடி 'கால் முதலில்' என்று மாற்றினேனா? முந்தின நாளை மனதில் ஓட்டிப் பார்த்தேன். பெயரை அடித்தது ஞாபகம் இருந்தது. வயதை அடித்தது, அவர் பல்லைக் கடித்தது ஞாபகம் இருந்தது. அந்தப் பொத்தான் மட்டும் ஞாபகத்தில் இல்லை.

ஆபரேஷன் பத்து மணிக்கு. ராஜகீழ்ப்பாக்கத்துக்கு போன் போட்டேன். ரிசீவரில் சத்தமே இல்லை. மழையில் லைன் செத்திருந்தது. டாக்டர் வரதன் மதியம்தான் வருவார். வரவேற்பில் இருந்த பத்மாவிடம், பெரியவரைக் காத்திருக்கச் சொல் என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடினேன்.

ரயில் நிலையத்தின் நடைமேம்பாலத்தில் ஏறி கிழக்குப் பக்கம் இறங்க வேண்டும். அலுவலகக் கூட்டம் எதிரே வந்தது. குடைக் கம்பிகள் முகத்தில் இடித்தன. பாலத்தின் நடுவில் இன்னொரு எண்ணம் வந்து என்னை நிறுத்திவிட்டது.

கல்வெட்டுகளைப் பற்றிப் படிக்கும் பழக்கம் எனக்கு உண்டு. ஒரு கல்லில் எழுதியிருப்பதை நம்புவதற்கு முன், அது எப்போது வெட்டப்பட்டது என்று கேட்க வேண்டும். பின்னால் வந்தவன் வெட்டிச் சேர்த்த வரியாகவும் அது இருக்கலாம். திரையில் நான் பார்த்த அந்த வரி எப்போது எழுதப்பட்டது? புதன்கிழமை ஸ்கேன் எடுத்தபோதா? அல்லது இன்று காலை இயந்திரத்தைப் போட்டதும் அது தன் வழக்கப்படி பழைய பக்கத்தின் மேல் எழுதிக்கொண்டதா? இரண்டாவதாக இருந்தால் படங்கள் சரி. அப்படியானால் நான் போய் நிறுத்தி, நல்ல காலைத் திறக்க வைக்கப்போகிறேன்.

படங்களைத் திறந்து பார்த்தும் பயனில்லை. அவற்றில் இருப்பது இயந்திரம் போட்ட எழுத்துதான். பாலத்தின் நடுவில் நனைந்துகொண்டு நின்றேன். திரும்பிப் போகலாம் என்றுகூடத் தோன்றியது. போகாமல் இருந்தால் தவறு இயந்திரத்தினுடையது. போய்ச் சொல்லி, அது தவறாகப் போனால் முழுக்க என்னுடையது. எவ்வளவு நேரம் நின்றேன் என்று டைரியில் இல்லை. மாட்டிக்கொள்ளாமல் இருக்க வழி தேடினேன் என்று மட்டும் எழுதியிருக்கிறேன். பிறகு இறங்கினேன்.

சேலையூர் ஏரிப் பக்கம் சாலையில் தண்ணீர். ஆட்டோக்காரர், "இதுக்கு மேல வண்டி இஸ்துகினு போனா இன்ஜின் பூடும்மா" என்றார். ஒரு கால் ஆபரேஷன் என்றேன். "உங்களுக்கா?" என்று திரும்பிப் பார்த்தார். சீக்கிரம் என்று மட்டும் சொன்னேன். அவர் வண்டியை விட்டார்.

ஆபரேஷன் அறைக்கு வெளியே பெஞ்சில் கன்னியம்மா உட்கார்ந்திருந்தார். "இன்னா சிஸ்டர், நீங்க இங்க?"

"ஃபிலிம் ஒண்ணு குடுக்க வந்தேன்" என்றேன். செருப்பைக் கழற்றிவிட்டுக் கதவைத் தள்ளினேன்.

நர்ஸ் குறுக்கே வந்தார். அவருடைய தோளுக்கு மேலே பார்த்தேன். பச்சைத் துணிகளுக்கு நடுவே மஞ்சள் மருந்து தடவிய ஒரு கணுக்கால். வலது. அதில் இரண்டு விரற்கடை நீளத்துக்குச் சிவப்புக் கோடு.

"சார், நிறுத்துங்க."

டாக்டர் சந்திரசேகரின் கை நின்றது. "யாரது?"

"ஸ்கேன் சென்டர் மும்தாஜ் சார். ஃபிலிம்ல இடது வலது மாறியிருக்கலாம்."

"மாறியிருக்கா, மாறியிருக்கலாமா?"

"மாறியிருக்கலாம் சார்."

"அதை வெச்சுகிட்டு நான் என்னம்மா பண்றது?" கத்தியைத் தட்டில் வைத்தார். "தொடையில பட்டை கட்டி ரத்தத்தை நிறுத்தியிருக்கேன். நேரம் ஓடுது. எந்தக் கால்னு சொல்லுங்க."

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போக வைத்திருந்தார்கள். மார்புக்குக் குறுக்கே கட்டிய துணித் திரைக்கு அந்தப் பக்கம் ஏழுமலை முழு விழிப்போடு இருந்தார்.

"இன்னா சார், எந்தக் காலுன்னு தெரியாமலா அறுத்துகினு கீறீங்க?"

நர்ஸ் துணித் திரையை இன்னும் மேலே இழுத்துவிட்டார்.

சுவரில் வெளிச்சப் பெட்டியில் என் படங்கள் மாட்டியிருந்தன. அருகே போனேன். எலும்புகளை முந்தின நாளே ஆயிரம் முறை பார்த்திருந்தேன். அவை எனக்கு ஒன்றும் சொல்லாது. இயந்திரம் எழுதாத ஏதாவது ஒன்று இந்தப் படத்தில் வேண்டும். கண் எலும்பை விட்டு வெளியே போனது. தோலுக்கு வெளியே, இரண்டு பாதங்களின் ஓரமாகவும் வெள்ளையாக ஒரு கோடு. மாவுக்கட்டு. நாங்கள் யாரும் பார்க்காத இடம் அது. 'இடது' என்று எழுதியிருந்த பக்கம் கோடு ஒற்றை. 'வலது' என்று எழுதியிருந்த பக்கம் குதிகாலுக்குப் பின்னால் கோடு இரட்டையாக, நடுவே மெல்லிய இடைவெளியோடு இருந்தது.

"ஒரு கால்ல மாவு ரெண்டு தடவை போட்டிருக்கு சார். எந்தக் கால்?"

நர்ஸ் தெரியாது என்றார். கட்டை அவிழ்த்தவர் வேறு ஆள். திரைக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"லெஃப்டு காலு. மொத நாளு தூக்கும்போது குதிகாலாண்ட மாவு ஒடஞ்சி பூட்ச்சி. மேல இன்னொரு வாட்டி போட்டாங்கோ."

"நிச்சயமா?" என்றார் டாக்டர்.

"என் காலு சார்."

டாக்டர் என்னைப் பார்த்தார். "பயத்துல இருக்கிற ஆள் சொல்றதை வெச்சு நான் அடுத்த காலைத் திறக்க முடியாது. அந்தக் கட்டு எங்க?"

ஆயா குப்பை வாளியைக் கொண்டுவந்தார். ரத்தம் தோய்ந்த பஞ்சுக்கு அடியிலிருந்து இரண்டு மாவுக்கட்டுகளையும் எடுத்தேன். ஒன்று கனமாக இருந்தது. குதிகாலில் மாவு இரண்டு அடுக்கு. அடிப்பக்கத்தைத் திருப்பினேன். பாதத்தின் வார்ப்பு அப்படியே இருந்தது. செருப்பைப் பார்த்து இடதா வலதா என்று சொல்வது போலத்தான். பெருவிரல் பக்கம் நீண்டு, சுண்டுவிரல் பக்கம் வளைந்து இறங்கியது. என் சொந்த இடது பாதத்துக்குப் பக்கத்தில் தரையில் வைத்தேன். பிறகு வலது பாதத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். மறுபடி இடதுக்குப் பக்கத்தில்.

"இடது சார். படம் மாறியிருக்கு."

டாக்டர் குனிந்து பார்த்தார். அவரும் ஒரு முறை பாதத்தை நீட்டி வைத்துப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "கட்டை எடுத்தப்பவே இடதுதான் ஜாஸ்தி வீங்கியிருந்துது. ஃபிலிம் வலதுன்னு சொல்லிச்சு. ஃபிலிமை நம்பினேன்."

வலது காலில் நான்கு தையல் போட்டு மூடினார். இடது காலைத் திறந்தபோது நான் அங்கேதான் நின்றிருந்தேன். முறிந்த கழுத்தின் விளிம்பைச் சுட்டிக் காட்டினார். நெல்மணி அளவு.

மதியம் இரண்டரைக்கு டாக்டர் வரதனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நின்றபடியே கேட்டார்.

"மறுபடி கால் முதல்லன்னு போட்டதைப் பாத்தீங்களா, நினைச்சீங்களா?"

"நினைச்சேன் சார்."

அவர் திரும்பிக்கொள்வார் என்று காத்திருந்தேன். திரும்பவில்லை. மேஜை டிராயரிலிருந்து எலும்பு டாக்டரின் சீட்டை எடுத்து நீட்டினார். விரல்களின் வீக்கம் இடதில் அதிகம் என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது.

"நேத்து இதைப் படிச்சேன். வீக்கம் ஏமாத்தும்னு நினைச்சேன்" என்றார்.

அறிக்கையின் நகலைக் கிழிக்கவில்லை. 'வலது' என்ற சொல்லின் மேல் ஒரு கோடு கிழித்து, பக்கத்தில் 'இடது' என்று எழுதி, நேரம் போட்டுக் கையெழுத்திட்டார். காரணத்தைப் பதிவேட்டில் என்னையே எழுதச் சொன்னார்.  மறுநாள் முதல், கணுக்கால் எடுக்கும்போதெல்லாம் இடது பாதத்தின் வெளிப்பக்கம் ஒரு மெல்லிய ரப்பர் குழாய்த் துண்டை ஒட்டினோம். ஒவ்வொரு வில்லையிலும் அது ஒரு சின்ன வளையமாகத் தெரியும்.

அதற்குப் பிறகு நான்கு மாதம் நான் சரியாகத் தூங்கவில்லை. போலீஸ் வரும் என்று பயந்தேன், வக்கீல் நோட்டீஸ் வரும் என்று பயந்தேன். அதைவிட அந்த எலும்பை நினைத்துப் பயந்தேன். எலும்பு செத்துவிட்டதா என்று உடனே தெரியாது. மாதங்கள் கழித்து, கோவளத்துக்காரருக்கு வெளுத்தது போல வெளுத்தால்தான் தெரியும். என்னால் போனது ஒரு மணி நேரம்தான் என்று டாக்டர் சந்திரசேகர் சொன்னார். அந்த ஒரு மணி நேரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

1994 பங்குனியில் ஏழுமலை இரண்டு கக்கத்துக் கட்டைகளோடு வந்தார். எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியவில்லை, ரத்தம் ஓடுகிறதா என்று சி.டி.யில் பார்க்க வேண்டும் என்று சீட்டு. கன்னியம்மா அவரை மேஜையில் படுக்க வைத்து, லுங்கியை முழங்காலுக்கு மேலே சுருட்டிவிட்டார். அப்போது அவருடைய கண் வலது கணுக்காலின் தழும்பில் நின்றது.

"ஏன் சிஸ்டர், இந்தக் கால்ல வெறும் கீறல்தான்னு சொன்னாங்கோ. அப்பறம் இங்க எதுக்குத் தையலு?"

"சாரக் கம்பு கீச்சிடுச்சின்னு எத்தினி வாட்டி சொல்றது உனக்கு" என்றார் ஏழுமலை, கூரையைப் பார்த்துக்கொண்டு.

நான் ரப்பர் குழாய்த் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவர் எனக்கு ஒரு வழி திறந்து வைத்திருந்தார். பேசாமல் இருந்தால் போதும். ஆபரேஷன் அறை வாசலில் அந்த அம்மாளிடம் ஃபிலிம் கொடுக்க வந்தேன் என்று சொன்னது ஞாபகம் வந்தது.

"கம்பு இல்லம்மா. நான் எடுத்த படத்துல இடது வலது மாறிப் போச்சு. டாக்டர் அதைப் பாத்து இந்தக் காலைத் திறந்துட்டார். தப்பு என்னோடது."

கன்னியம்மா என்னைப் பார்க்கவில்லை. கணவரைப் பார்த்தார். "உனக்குத் தெரியுமா?"

"தெரியும். முழிச்சிகினுதான இருந்தேன்."

"ஏன்யா சொல்லல?"

"சொன்னா நீ இங்க வர வுட்டிருப்பியா? இந்த மெஷினு இங்கதான் கீது. எனக்குக் காலு வேணும்."

கம்பு என்று அவர் சொன்னதும், என்னை மன்னித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். அவர் அதைப் பற்றி யோசிக்கவே இல்லை. கால் பிழைக்க வேண்டும் என்பதற்காக, பயத்தை அடக்கிக்கொண்டு மறுபடி அதே மேஜையில், அதே கைகளுக்குக் கீழே படுத்திருந்தார்.

கன்னியம்மா, "நான் வெளியே போவ மாட்டேன். இங்கியே நிப்பேன்" என்றார். ஈயக் கவசத்தை எடுத்து அவருக்கு மாட்டிவிட்டேன். அந்தக் கனத்தில் ஒரு கணம் தள்ளாடி, பிறகு கணவரின் தலைமாட்டில் கால்களை ஊன்றி நின்றுகொண்டார்.

'கால் முதலில்.' அழுத்தினேன். அழுத்தியதைத் திரையில் படித்தேன். எழுந்து போய் அவருடைய பாதங்களைப் பார்த்துவிட்டு வந்து, மறுபடி படித்தேன்.

உள்ளே போட்டிருந்த திருகாணிகள் படத்தில் வெள்ளைக் கதிர்களாகச் சிதறி எல்லாவற்றையும் மறைத்தன. அவற்றுக்கு மேலே இருக்கும் வில்லைகளைத்தான் நம்பியிருந்தோம். டாக்டர் வரதன் என் பின்னால் வந்து நின்றார். ஒவ்வொரு வில்லையும் கீழிருந்து மேலாகத் திரையில் நிரம்ப ஒரு நிமிடம் ஆனது. ஒன்று. கதிர்கள். இரண்டு. கதிர்கள். நான்காவதில் கதிர்கள் விலகின. ஐந்தாவதில் டாலஸின் மேல்பகுதி முழுதாக வந்தது. பக்கத்து எலும்புகளின் அதே சாம்பல் நிறம். வெளுக்கவில்லை. அவர் பேனாவின் பின்பக்கத்தால் அந்த இடத்தைத் தொட்டுவிட்டு அடுத்த வில்லைக்குக் காத்திருந்தார். அதிலும் சாம்பல்தான்.

ஸ்கேன் அறைக்குள் அவரே போனார். வழக்கமாக நோயாளியிடம் அவர் எதுவும் சொல்வதில்லை.

"எலும்புல ரத்தம் ஓடுதும்மா" என்றார்.

கன்னியம்மாவின் முகம் மாறவில்லை. "எந்தக் கால்ல?"

டாக்டர் வரதன் என் பக்கம் திரும்பினார். நான் மேஜைக்குப் போய், ஏழுமலையின் இடது பாதத்தின் மேல் கையை வைத்தேன்.

"இந்தக் கால்ல" என்றேன்.

பாதம் கதகதப்பாக இருந்தது.